ஏழாம் மாதத்தில் ஒரு கேள்வி: தாய்ப்பாலுக்கு இப்போதே என்ன செய்ய வேண்டும்?

கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருக்குத் தலைப்பிரசவம், ஏழாம் மாதம் நடக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய அக்காவுக்குச் சிசேரியன் ஆனபோது, பால் சுரக்கவில்லை என்று இரண்டாம் நாளே பவுடர் பாலைக் கொடுத்து, கடைசிவரை அதுவே நிலைத்துவிட்டது. தனக்கும் அப்படி ஆகாமலிருக்க இப்போதே மார்பைத் தயார்செய்ய வழி உண்டா என்றும், ஒரு பக்கக் காம்பு உள்வாங்கியிருப்பதால் குளிக்கும்போது துண்டால் தேய்த்து இழுத்துவிடும்படி மாமியார் சொல்வதைச் செய்யலாமா என்றும் கேட்கிறார். மாதந்தோறும் பரிசோதனைக்குப் போனாலும் எடை, ரத்த அழுத்தம், ஸ்கேன், சத்து மாத்திரை என்று முடிந்துவிடுகிறதே தவிர, பால் கொடுப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பது அவருடைய குறை. கேள்வி மார்பைப் பற்றியதாக இருந்தாலும் அதன் அடியில் ஒரு பயம் இருக்கிறது: அக்காவுக்கு ஆனது எனக்கும் ஆகுமோ, என் உடம்பு என் பிள்ளைக்குப் போதுமோ என்ற பயம். அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் செவிலியர், மருத்துவர் அல்ல. முதல் 9 ஆண்டுகள் சேர்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியராகக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஊர் ஊராக நடந்து கர்ப்பிணிகளைப் பார்த்தேன். பிறகு 17 ஆண்டுகள் சேலத்தில் பிரசவ வார்டிலும், பிரசவம் முடிந்த தாய்மார்கள் இருக்கும் வார்டிலும் வேலை செய்தேன். உங்களை நேரில் பார்க்காமல், உங்கள் பரிசோதனை முடிவுகளைப் படிக்காமல் எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். மார்பைத் தயார்செய்யும் வேலையை உங்கள் உடம்பு எப்போதோ தொடங்கிவிட்டது. நான்காம் மாதத்தை ஒட்டியே மார்பில் சீம்பால் உருவாகத் தொடங்கிவிடுகிறது. சிலருக்கு ஏழாம், எட்டாம் மாதத்தில் உள்ளாடையில் மஞ்சளாக ஒரு துளி கறை படும். சிலருக்குப் பிரசவம்வரை ஒரு துளிகூட வெளியே தெரியாது. இரண்டும் இயல்பே. கறை படாததால் பால் இருக்காது என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். பால் பெருகி வராமல் கர்ப்ப காலம் முழுவதும் தடுத்து வைத்திருப்பது நஞ்சுக்கொடியிலிருந்து வரும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடியும் வெளியேறிய பிறகு அந்தத் தடை விலகுகிறது. அதற்கடுத்த இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் மார்பு கனத்துப் பால் பெருகுகிறது. சுகப்பிரசவமானாலும் சிசேரியனானாலும் நஞ்சுக்கொடி வெளியே வந்துவிடுகிறது என்பதால், வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளைக்குப் பால் வராது என்ற பேச்சுக்கு அடிப்படை கிடையாது. சிசேரியனில் பால் பெருகுவது சில மணி நேரமோ ஒரு நாளோ தள்ளிப்போகலாம் என்பதும், வலியாலும் மயக்க மருந்தாலும் முதல் முறை பால் கொடுப்பது தாமதமாகிவிடுகிறது என்பதும் உண்மை. அந்தத் தாமதத்தை என்ன செய்வது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

துண்டால் தேய்ப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். காம்பைச் சுற்றிய கரிய வட்டத்தில் சிறு சிறு புடைப்புகள் தெரியும். அவை எண்ணெய்ப் பசையைச் சுரந்து தோலை மிருதுவாக வைத்திருக்கும் சுரப்பிகள். சொரசொரப்பான துண்டும் சோப்பும் அந்தப் பசையை எடுத்துவிடுகின்றன. பிறகு பிள்ளை சப்பும்போது வெடிப்பு விழுவதற்கே அது வழி செய்யும். தேய்த்துத் தேய்த்துத் தோல் தடித்துப்போனால் வலி இருக்காது என்பது பழைய நம்பிக்கை. மலையில் வேலை பார்த்த காலத்தில், ஏட்டில் படித்ததை வைத்து நானும் சில பெண்களுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். அதனால் யாருக்கும் நன்மை நடந்ததாக நான் பார்க்கவில்லை. தவிர, நிறைமாதம் ஆகுமுன் காம்பை அடிக்கடி தூண்டினால் கருப்பை இறுகத் தொடங்கலாம்; குறைப்பிரசவ அபாயம் இருப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. குளிக்கும்போது வெறும் தண்ணீரே மார்புக்குப் போதும்.

உள்வாங்கிய காம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்தே பல பெண்கள் மனம் விட்டுவிடுகிறார்கள். கரிய வட்டத்தின் ஓரத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து ஒருமுறை மெல்ல அழுத்தினால், பெரும்பாலான பெண்களுக்குக் காம்பு வெளியே எழும். அவர்களுக்கு அது தட்டையாக இருக்கிறதே தவிர உண்மையில் உள்வாங்கவில்லை. சிலருக்கே, அழுத்தும்போது இன்னும் உள்ளே போகும். குழந்தை காம்பை மட்டும் கவ்விக் குடிப்பதில்லை. கரிய வட்டத்தில் பெரும்பகுதியையும் சேர்த்து வாய் நிறைய வாங்கிக் குடிக்கிறது. அதனால் தட்டையான காம்புள்ள தாய்மார்கள் பெரும்பாலும் எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே பால் கொடுத்துவிடுகிறார்கள். கர்ப்ப காலத்தில் காம்பை இழுத்துப் பயிற்சி செய்வதும், பிளாஸ்டிக் கிண்ணம்போல ஒன்றை உள்ளாடைக்குள் வைத்துக்கொள்வதும் முன்பு வழக்கமாகச் சொல்லப்பட்டவை. 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இவற்றை முறையாக ஆராய்ந்தபோது, அவற்றைச் செய்த பெண்களுக்குச் செய்யாதவர்களைவிடப் பால் கொடுப்பதில் எந்தக் கூடுதல் பலனும் கிடைக்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு உதவும் முறை ஒன்று நம் பக்கத்து மாநிலத்திலிருந்தே வந்தது: கர்நாடகத்தில் தாவணகெரே குழந்தை மருத்துவர்கள் 1993இல் எழுதிய சிரிஞ்சு முறை. 10 மில்லி சிரிஞ்சின் ஊசி பொருத்தும் முனையை வெட்டிவிட்டு, வெட்டிய பக்கமாகத் தண்டைச் செருகி, வழவழப்பான மறுபக்கத்தைக் காம்பின்மேல் பொருத்தி மெல்ல இழுத்தால் காம்பு எழும். உடனே பிள்ளையை மார்பில் சேர்க்க வேண்டும். இதைப் பிரசவத்துக்குப் பிறகு, பழகிய செவிலியர் ஒருவர் காட்டிக்கொடுத்த பின்னரே செய்ய வேண்டும். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடுத்த பரிசோதனையில் மார்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், ஒரு காம்பு உள்வாங்கியிருக்கிறது என்று தாய்-சேய் நல அட்டையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பல ஆண்டுகளாக அப்படியே இருக்கும் காம்பு கவலைக்குரியதன்று. அண்மையில் திடீரென்று உள்ளே இழுத்துக்கொண்டதோ, கட்டியோ, ரத்தக் கசிவோ இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மார்புக்கு வேறு வேலையில்லை என்றால் கர்ப்ப காலத்தில் தயாராக வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். முதல் மூன்று நாட்களுக்குத்தான் தயாராக வேண்டும் என்பது என் அனுபவம். பிரசவம் எப்படி நடக்கும் என்று பத்துப் பேர் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பிரசவம் முடிந்த இரவுக்கும் பால் பெருகும் காலைக்கும் இடையில் என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் நாள் வருவது சீம்பால். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவை ஒட்டித்தான் இருக்கும், பல வேளைகளில் அதற்கும் குறைவு. ஒருமுறை வார்டில் ஒரு பெண்ணுக்குக் கையால் பீய்ச்சிக் காட்டியபோது, எவர்சில்வர் கரண்டியின் அடியில் உருக்கிய நெய்யைப்போல மஞ்சளாக ஒரு சிறு வட்டம் மட்டும் தேங்கியது. அவள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, 'இத்தனூண்டு எப்படிக் கண்ணு பத்தும்?' என்று கேட்டார். பத்தும் என்பதற்குக் காரணம், பிறந்த குழந்தையின் வயிறும் அந்த அளவுக்கே பழகியிருக்கிறது. குடம் குடமாக வாங்கும் வயிறு அதற்கு இன்னும் வரவில்லை. அந்தச் சிறு வட்டத்தில் குழந்தையின் குடலுக்கு மேல்பூச்சைப்போலக் காவல் தரும் நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்திருக்கின்றன. அதனால்தான் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் சேர்க்க வேண்டும், ஆறு மாதம்வரை தண்ணீர்கூடத் தராமல் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இரண்டாம் நாள் இரவுதான் சோதனை. அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை அன்றிரவு விழித்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை மார்பைத் தேடும். எடுத்தால் அழும், வைத்தால் சப்பும், மறுபடி அழும். பிள்ளையின் எடையும் பிறந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். நூற்றுக்கு ஏழு பங்குவரை இறங்குவது இயல்பு, பத்தை நெருங்கினால் கவனித்தாக வேண்டும். உண்மையில் பிள்ளை அப்படி ஓயாமல் சப்புவதே மறுநாள் பால் பெருகுவதற்கான ஆணை. சப்பச் சப்ப மூளையிலிருந்து புரோலாக்டின் சுரந்து பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் அந்தப் பாலைக் காம்புக்குத் தள்ளுகிறது. இதைத் தெரியாதவர்கள் கண்ணுக்கு அந்த அழுகை, பாலில்லாததன் அத்தாட்சியாகத் தெரிகிறது. யாரோ ஒருவர் கீழே மருந்துக்கடைக்குப் போகிறார், பவுடர் பால் டப்பாவும் புட்டியும் வருகின்றன. பிள்ளை வயிறு முட்டக் குடித்துவிட்டு நான்கு மணி நேரம் தூங்குகிறது. அந்த நான்கு மணி நேரமும் மார்பைச் சப்ப ஆளில்லை. சப்பாததால் சுரப்பு ஏறவில்லை. மறுநாள் மார்பில் வைத்தால் புட்டியில் பழகிய வாய் முரண்டு பிடிக்கிறது. மூன்றாம் நாள் காலையில், 'நாங்க சொன்னோமே, பாலில்லைன்னு' என்கிறார்கள். உங்கள் அக்காவுக்கு நடந்தது இதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடித் துண்டு உள்ளேயே தங்கிவிடுவது, தைராய்டு, சர்க்கரை, மார்பில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை, மார்பில் பால் சுரப்பித் திசுவே குறைவாக அமைந்திருப்பது என்று உண்மையான காரணங்களும் உண்டு. அத்தகைய தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் இரண்டாம் நாளே பால் இல்லை என்று முடிவுகட்டிய கதைகளில் மிகப் பல, பால் பெருகும் நேரம் வருவதற்கு முன்பே முடிந்துபோன கதைகள். அக்காவுக்கு அப்படி ஆனதால் தங்கைக்கும் ஆகும் என்ற கணக்கு எனக்கு ஏற்புடையதன்று.

இந்த இடத்தில் மலையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். காப்பிப்பழம் பறிக்கும் பருவம். தோட்டக்குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு நிறைமாதம். பேருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். அதனால் நாள் நெருங்குமுன்பே அவளைக் கீழே மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தேன். அவளிடம் சீம்பாலைப் பற்றி நான்கைந்து முறை பேசியிருந்தேன். கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் சரியாகப் பதில் சொன்னாள். பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், கூடத்தில் தேன் புட்டியும் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணமும் இருந்தன. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டியிருந்தார்கள். அவள் அழுதுகொண்டே, 'எனக்குத் தெரியுங்க சிஸ்டர், அம்மாயிகிட்ட எப்படிச் சொல்றது?' என்றாள். அம்மாயி, அதாவது அவளுடைய பாட்டி, என்னைப் பகைவராகப் பார்க்கவில்லை. உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். எட்டுப் பிள்ளைகளுக்குச் சேனை (பிறந்ததும் நாக்கில் தடவும் இனிப்பு) வைத்த கை அவருடையது. மஞ்சளாக வருவது கெட்டுப்போன பால் என்று அவருக்கு அவர் தாய் சொல்லியிருந்தார். ஒன்பது மாதமும் நான் பேசாமல் விட்டது அந்த அம்மாயியிடம்தான். அதன்பிறகு மலையில் நான் எந்தக் கர்ப்பிணியிடமும் தனியாக இதைப் பேசியதில்லை. பிள்ளை பிறந்ததும் யார் கையில் முதலில் வாங்குவாரோ அவரையும் பக்கத்தில் உட்காரவைத்தே பேசினேன்.

ஆகவே உங்கள் தயாரிப்பில் பாதி உங்கள் வீட்டாருடையது. தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், சேனைத்தண்ணீர் எதுவும் பிள்ளையின் வாயில் படக்கூடாது என்பதை வளைகாப்புக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளரச் செய்யக்கூடியது. அரிதானாலும் உயிருக்கு ஆபத்தானது. சடங்கு வேண்டும் என்று பெரியவர்கள் விரும்பினால், யார் கையால் பிள்ளைக்கு முதல் துணி போர்த்துவது, யார் காதில் பெயரைச் சொல்வது என்று அவர்களுக்குரிய இடத்தை வேறு வகையில் கொடுங்கள். அவர்களை ஒதுக்கினால் பேச்சு முறிந்துவிடும். மாமியார் துண்டால் தேய்க்கச் சொன்னதும் உங்கள் நன்மையை நினைத்துத்தான். அவரையும் அடுத்த பரிசோதனைக்கு அழைத்துச் சென்று, செவிலியர் வாயால் கேட்கவையுங்கள். நீங்கள் சொன்னால் அது மருமகளின் மறுப்பு. செவிலியர் சொன்னால் ஆலோசனை.

இன்னொரு பாதி கைப்பழக்கம். ஒரு குளியல் துண்டை இறுக்கமாகச் சுருட்டி, குழந்தை அளவுக்கு ஒரு மூட்டையாகக் கட்டிக்கொள்ளுங்கள். சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்து அதை மடியில் எடுத்துப் பழகுங்கள்: பிள்ளையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில், வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டி, மூக்கு காம்புக்கு நேராக. வாய் கொட்டாவி விடுவதைப்போல அகலத் திறக்கும்வரை காத்திருந்து, அந்தக் கணத்தில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும்; மார்பைப் பிள்ளையிடம் குனிந்து கொண்டுபோனால் முதுகுவலிதான் மிஞ்சும். சரியாகக் கவ்வியிருந்தால் தாடை மார்பில் பதிந்திருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், கரிய வட்டம் மேலே கொஞ்சம் தெரிந்து கீழே மறைந்திருக்கும். முதல் சில விநாடிகள் இழுப்பதுபோல இருக்கலாம். குடிக்கும் நேரம் முழுதும் சுருக்கென்று வலித்தால் கவ்வியது சரியில்லை என்று பொருள், வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டு எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். சிசேரியன் ஆனால் மடியில் வைப்பது தையலில் இடிக்கும் என்பதால், ஒருக்களித்துப் படுத்தபடி கொடுப்பதையும், பிள்ளையின் உடம்பைக் கைக்கடியில் இடுக்கிக்கொண்டு கொடுப்பதையும் இப்போதே மூட்டையை வைத்துப் பழகிவையுங்கள். 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். சுகப்பிரசவத்துக்கு மட்டும் தயாராவது பாதித் தயாரிப்புதான். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் நீங்கள் விழித்தேதான் இருப்பீர்கள். தாயும் சேயும் நலமாக இருந்தால் அறுவை அரங்கை ஒட்டிய அறையிலேயே பிள்ளையை உங்கள் நெஞ்சின்மேல் வெற்றுத்தோலோடு போட்டு மார்பில் சேர்க்க முடியும். அதை முன்கூட்டியே கேட்டுவைத்தவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைத்தது. கேட்காதவர்களின் பிள்ளைகள் துணியில் சுற்றப்பட்டு வெளியே உறவினர் கையில் காத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கையால் பால் பீய்ச்சக் கற்றுக்கொள்வது பயனுள்ளது. மார்பு கட்டிக்கொண்டாலும், பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாலும் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். பிரசவத்துக்கு முன்பே சீம்பாலைப் பீய்ச்சிச் சேமிப்பதைப் பற்றி இப்போது பலர் கேட்கிறார்கள். சர்க்கரை நோயுள்ள, மற்றபடி சிக்கலில்லாத கர்ப்பிணிகள் 36ஆம் வாரத்திலிருந்து அப்படிச் செய்ததில் பிள்ளைகளுக்குக் கெடுதல் நேரவில்லை என்று ஆஸ்திரேலியாவில் நடந்து 2017இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அது தேவை என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. குறைப்பிரசவ அபாயம், நஞ்சுக்கொடி கீழிறங்கியிருத்தல், கருப்பை வாயில் தையல், ரத்தக்கசிவு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அறவே கூடாது. 36 வாரத்துக்கு முன் வேண்டாம். அதன்பிறகும் மருத்துவரின் சம்மதத்தோடு மட்டும்.

உணவைப் பற்றி உங்கள் வீட்டில் நிறையப் பேச்சு வரும். பால் சுறா புட்டு, பூண்டுக் குழம்பு, வெந்தயக் கஞ்சி, முருங்கைக்கீரை, தண்ணீர்விட்டான் கிழங்கு என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். இவற்றில் சிலவற்றைப் பற்றிச் சிறிய ஆய்வுகள் உண்டு; பால் கூடும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு அவை வலுவானவை அல்ல. சமையலில் சேர்த்துச் சாப்பிட்டால் தவறில்லை, சுறாவிலும் கீரையிலும் சத்து இருக்கிறது. புதிதாகப் பிள்ளை பெற்றவளுக்கு ஒருவர் அக்கறையோடு சமைத்துப் போடுவதே நல்லதுதான். ஆனால் பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கும் 'பால் சுரப்பு மருந்து'களை மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். எந்த உணவும் பிள்ளை சப்புவதற்கு ஈடாகாது. பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதும், காயையும் பழத்தையும் மாதக்கணக்கில் நிறுத்துவதும்தான் எனக்குக் கவலை தருபவை. முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தசோகை இருந்தால் இப்போதே சரிசெய்து கொள்ளுங்கள். சோர்ந்துபோன தாய்க்கு இரண்டாம் நாள் இரவைத் தாங்குவது கடினம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் பாடம் நடத்துவதால் மட்டும் தாய்மார்கள் நீண்ட நாள் பால் கொடுத்துவிடுகிறார்களா என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தெளிவான பலன் தெரியவில்லை. எனக்கு இது வியப்பாக இல்லை. மலையில் அந்தப் பெண்ணுக்கும் எல்லாம் தெரிந்தே இருந்தது. அறிவோடு, பிரசவத்துக்குப் பிறகு பக்கத்தில் அமர்ந்து உதவும் ஒரு ஆளும் வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989இல் வெளியிட்டு 2018இல் திருத்திய பத்துப் படிகளில், கர்ப்பிணியோடும் குடும்பத்தோடும் பேசுவது ஒரு படி மட்டுமே. உடனே மார்பில் சேர்ப்பது, தாயையும் சேயையும் ஒரே அறையில் வைப்பது, சிக்கலில் கைகொடுப்பது, வீட்டுக்குப் போன பிறகும் தொடர்வது எல்லாம் மற்றப் படிகள். எனவே எந்த மருத்துவமனையில் பிரசவம் பார்க்கப் போகிறீர்களோ அங்கே இவை எப்படி நடக்கின்றன என்று இப்போதே விசாரியுங்கள். மருத்துவக் காரணமில்லாமல் பவுடர் பாலை யாராவது பரிந்துரைத்தாலோ, இலவச மாதிரி டப்பா கொடுத்தாலோ வாங்காதீர்கள். குழந்தைப்பால் மாற்றுப் பொருள்களை இப்படிப் பரப்புவதை 1992ஆம் ஆண்டின் சட்டமும் 2003இல் வந்த திருத்தமும் தடை செய்கின்றன.

அதே நேரத்தில், பவுடர் பாலே விஷம் என்று பயந்து பிள்ளையைப் பட்டினி போட்டுவிடவும் கூடாது. அந்தத் தவற்றையும் வார்டில் பார்த்திருக்கிறேன். பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்து அளக்காதீர்கள். நனையும் துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று, ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் சிறுநீர் போக வேண்டும். கருப்பாகப் போன மலம் நான்கு, ஐந்து நாளில் மஞ்சளாக மாற வேண்டும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை மார்பில் வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும். துணி நனையவில்லை, பிள்ளை எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, மஞ்சள் காமாலையின் நிறம் வயிறு, கால்வரை இறங்குகிறது, எடை நூற்றுக்குப் பத்துப் பங்கை நெருங்கிக் குறைந்துவிட்டது என்றால் வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். அப்போது கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். முதலில் நீங்கள் பீய்ச்சிய பால், அடுத்து தாய்ப்பால் வங்கியின் பால், அதுவும் இல்லையென்றால் பவுடர் பால், எதுவானாலும் புட்டியைத் தவிர்த்துப் பாலாடையால் (பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்). சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி உண்டு. எடை குறைந்தும் குறைமாதத்திலும் பிறந்த பிள்ளைகளுக்கே அங்கு முன்னுரிமை. கூடுதல் பால் கொடுக்கும் நாட்களிலும் ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பில் வைத்துவிட்டு, பிறகு பீய்ச்சியும் வந்தால் சுரப்பு மீண்டு வருவதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: ஒரு காம்பு உள்வாங்கியிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள், தைராய்டும் சர்க்கரையும் ரத்த அளவும் எப்படி இருக்கின்றன, சிசேரியன் ஆனால் எவ்வளவு நேரத்தில் பிள்ளையை என்னிடம் தருவீர்கள், இரவில் பால் கொடுக்க உதவ வார்டில் யார் இருப்பார்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளில் எதையாவது பிரசவத்துக்குப் பிறகு மாற்ற வேண்டுமா. நேரமில்லை என்று மருத்துவர் சொன்னால், அதே தாளை அங்கிருக்கும் செவிலியரிடமோ உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியரிடமோ காட்டுங்கள். கேட்டால் சொல்லித் தருவதற்கு விரும்புபவர்களே அவர்களில் அதிகம். பிரசவத்தன்று இரவில் துணைக்கு இருக்க ஒருவரைத்தான் அனுமதிப்பார்கள் என்றால், உங்கள் அக்காவைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு வேண்டாத நினைவுகளைக் கிளறிவிடுமோ என்று தயங்கலாம். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் இரண்டாம் நாள் இரவில் பிள்ளை ஏன் அழுகிறது என்று முன்கூட்டியே அவரிடம் விளக்கிச் சொல்லியிருந்தால், அந்த வார்டில் உங்கள் முதுகுக்குத் தலையணை வைத்து, 'இன்னொரு தரம் வெச்சுப் பாரு கண்ணு' என்று சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் உங்களுக்கு வேறு யாரும் கிடைக்க மாட்டார்.